நின்ற வண்டியின் இரைச்சல்

எங்கள் காரை வாங்க வந்திருந்த சிவராஜ் சாவியைத் திருப்பினார். முந்தின நாள் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றியிருந்ததால் வண்டி உடனே பிடித்துக்கொண்டது. அடுத்த கணம், யாரோ ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பதுபோல இரைய ஆரம்பித்தது.

அவருடைய கால்கள் இரண்டும் வண்டிக்கு வெளியே, ஈர மண்ணில் இருந்தன. கியர் நியூட்ரலில் இருந்தது. சக்கரத்துக்கு அடியில் நான் வைத்திருந்த கல் அசையவில்லை. நின்ற இடத்தில் நின்றபடி, மேடு ஏறும் லாரிபோல அது கத்தியது. வேலியில் காயப்போட்டிருந்த கம்பளி அதிர்ந்து நழுவிக் கீழே விழுந்தது.

"என்னங்கக்கா, இப்படி ரேஸ் ஆகுது?" என்றார் சிவராஜ்.

"ரொம்ப நாளா எடுக்கலைங்க. குளுருக்கு மொதல்ல அப்படித்தான் இருக்குமுன்னு சொல்வாங்க" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் காத்திருந்தார். இஞ்சின் சூடாகி, சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்த பிறகும் சத்தம் இறங்கவில்லை.

அப்போதுதான் வீட்டுக்குள் நாற்காலி ஒன்று விழும் ஓசை கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் கணவர் முருகேசன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். இடது கை நிலையைப் பிடித்திருந்தது. வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அந்தப் படியை அவர் தானாகத் தாண்ட முயன்றது அதுதான் முதல் தடவை.

"போதும்!" என்றார். கத்தலாக வந்தது அது.

மிஞ்சிய சொல்

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த காலத்தைப் பற்றியே இந்தத் தொடரில் இத்தனை வாரமும் எழுதி வந்திருக்கிறேன். மற்றவர்கள் வீட்டு நோய்களை எழுதுவது எளிது. என் வீட்டுக்கு வந்ததை எழுதப் பல வாரம் தள்ளிப்போட்டேன்.

அவர் டூரிஸ்ட் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்த வண்டி. ஒரு மழைக்காலக் காலையில் முகம் கழுவப் போனவர் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் சாய்ந்துவிட்டார். குன்னூரில் முதலுதவி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் கோயமுத்தூர். உயிர் தப்பியது. வலது பக்கம் தளர்ந்துபோனது. பேச்சும் போனது.

"நாம சொல்றது எல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ற வார்த்தைதான் வராது" என்றார் டாக்டர்.

ஒரே ஒரு வார்த்தை வந்தது. எத்தனையோ ஆயிரம் சொற்களில் அது மட்டும் ஏன் மிஞ்சியது என்று யாருக்கும் தெரியாது. டீ கொடுத்தால் "போதும்". குடித்து முடித்துவிட்டு இன்னும் வேண்டுமென்றாலும் டம்ளரை நீட்டி "போதும்". மகள் கவிதா கோயமுத்தூரிலிருந்து போனில், "அப்பா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் அதற்கும் "போதும்".

அதைக் கேட்டு அவள் அழுவாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வெளியே போய், "மனசு வெறுத்துப் போச்சு போல" என்று பேசிக்கொள்வார்கள். இப்படி ஒற்றைச் சொல்லோடு நின்றுபோன நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய மனைவிமாருக்குத் தைரியமும் சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டபோது அந்தத் தைரியம் எதுவும் எனக்கு உதவவில்லை.

மாதங்கள் போயின. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். கை காலுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்ய மாட்டார். எதிர்ச் சரிவில் பெண்கள் தேயிலைக் கொழுந்து எடுப்பதையும், பனி இறங்கி அவர்களை மறைப்பதையும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

கவிதா ஒரு முடிவோடு வந்தாள். கோயமுத்தூரில் பேச்சுக்கென்றே பயிற்சி தருகிறார்கள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, வண்டியை விற்றுவிட்டு, இரண்டு பேரும் அவளோடு வந்துவிட வேண்டும்.

"ஏனுங்க, வண்டியக் குடுத்துரலாமுங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

"போதும்" என்றார்.

சம்மதம் என்று எடுத்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பேசாமல் வாங்க, சிஸ்டர்

அவரை முதலில் பார்த்தது எஸ்டேட் ஜீப்பில். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் குன்னூருக்குக் கொண்டுபோக வேண்டும். அடைமழை. பயத்தில் நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன். அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

டிரைவர் தன் பக்கத்துத் திரையைக் கொஞ்சம் விலக்கி, மழையில் காதை நீட்டினார்.

"செத்த நேரம் பேசாம வாங்க, சிஸ்டர். வண்டி என்னமோ சொல்லுது."

அடுத்த வளைவில் நிறுத்தி இறங்கிப் பார்த்தார். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தது. பாறையிலிருந்து விழுந்த மழைத் தண்ணீரை டின்னில் பிடித்து ஊற்றினார். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் நடுக்காட்டில் நின்றிருப்போம். குழந்தை ஆஸ்பத்திரியில் பிறந்தது.

முருகேசன் சின்ன வயதில் பெற்றோருடன் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். அவருடைய அம்மா அங்கேயும் கொழுந்து எடுத்தார், இங்கேயும் எடுத்தார். இங்கே பள்ளிக்கூடத்தில் அவர் வாயைத் திறந்தாலே மற்ற பிள்ளைகள் அந்த ஊர்ப் பேச்சைச் சொல்லிச் சிரிப்பார்களாம். அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டதாக ஒரு முறை சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. வண்டி ஓட்டுகிறவனுக்கு அது நல்லதுதான் என்றார்.

என் வீட்டார் அவிநாசிப் பக்கமிருந்து மளிகைக் கடை வைக்க மலையேறி வந்தவர்கள். எங்கள் கல்யாணத்துக்கு அவர்கள் வரவில்லை. கவிதா பிறந்த பிறகு வந்தார்கள். அந்தக் கதை நீளமானது, இங்கே வேண்டாம்.

கேட்கத் தகுந்த கேள்வி

மறுபடி வாசலுக்கு வருகிறேன்.

நான் ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அழைத்துப்போகப் பார்த்தேன். அவர் என்னை வண்டியின் பக்கம் இழுத்தார். தளர்ந்த காலை மண்ணில் தேய்த்துத் தேய்த்து இழுத்துக்கொண்டு வந்து, இடது உள்ளங்கையால் பானெட்டின் மேல் அறைந்தார்.

சிவராஜ் வண்டியை அணைத்தார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. இத்தலாரில் காரட் போடுகிற விவசாயி, நாற்பது வயதிருக்கும். வந்ததும் ஜன்னலோரம் நின்று என்னிடம் தன் கதையைச் சொல்லியிருந்தார். அவருடைய அப்பாவுக்கு இருதயத்தில் கோளாறு. அடிக்கடி மலையிறங்கிக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் உட்கார அவரால் முடியவில்லை. அதற்காகத்தான் கார்.

"அண்ணனுக்கு விக்க மனசில்லை போலங்கக்கா. நான் இன்னொரு நாள் வர்றேன்" என்றார் மெதுவாக.

மறுபடியும் பானெட்டில் ஓர் அறை.

"தொறக்கச் சொல்றீங்களாண்ணே?"

என் கணவர் அவரையே பார்த்தார். சிவராஜ் பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினார். உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். பிறகு குனிந்து, அவருடைய முகத்துக்கு நேரே முகம் வைத்துச் சொன்னார்.

"அண்ணே, நான் கேக்கறேன். ஆமான்னா கைய மூடுங்க. இல்லைன்னா விரிங்க."

இதை ஆஸ்பத்திரியிலும் செய்து பார்த்திருந்தோம். அங்கே கேட்டவை வேறு கேள்விகள். உங்க பேரு முருகேசனா? இது பகலா, ராத்திரியா? இந்தம்மா உங்க சம்சாரமா? அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பின் யாரும் முயலவில்லை, நானும்தான்.

"ஆக்ஸிலேட்டர் கேபிள் மாட்டிக்கிச்சாண்ணே?" என்று கேட்டார் சிவராஜ்.

என் கணவரின் இடது கை முன்னால் நீண்டது. ஒரு கம்பியை விரலால் தூக்கிவிட்டுப் பார்த்தார். அது தளர்வாக ஆடியது. கை விரிந்தது.

"காலடி மேட் பெடலை அமுக்குதா?"

சிவராஜே போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையசைத்தார். அதுவும் இல்லை.

"அப்ப எங்கியாவது காத்து இழுக்குதா?"

கை மூடியது. அப்படி இறுகி மூடிய கையை நான் பல மாதங்களாகப் பார்த்திருக்கவில்லை.

சிவராஜ் என்னிடம் விளக்கினார். இஞ்சினுக்குப் போகும் காற்று ஒரு வழியாகத்தான் அளவோடு போக வேண்டும். எங்காவது ரப்பர்க் குழாய் கிழிந்திருந்தால் அந்த ஓட்டை வழியாகவும் காற்றை உறிஞ்சும். மிதிக்காமலேயே மிதித்ததுபோல ஓடும். "எங்க ஓட்டைன்னு கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம். இந்தச் சத்தத்துல எதுவும் கேக்காது."

என் கணவர் என்னைப் பார்த்தார். தன் காதில் ஒரு விரலை வைத்தார். பிறகு என் கழுத்தைக் காட்டினார்.

கழுத்தில் ஒன்றுமில்லை. எனக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் உள்ளே ஓடினேன்.

ஓய்வு பெற்ற பிறகு என் ஸ்டெதஸ்கோப் பீரோவின் மேல் கிடந்தது. தூசி தட்டி எடுத்து வந்தேன். நெஞ்சில் வைக்கும் வட்டத்தை அவர் ஒற்றைக் கையால் முறுக்கிக் கழற்றப் பார்த்தார். முடியவில்லை. நான் கழற்றினேன். வெறும் குழாய் நுனி மட்டும் நின்றது. மற்ற நுனிகளை அவர் காதுகளில் மாட்டினேன். நான் காது வைக்க வேண்டிய இடத்தில் அவர் காது இருந்தது.

"முந்தானைய இழுத்துச் செருகிக்கங்கக்கா. பெல்ட் சுத்தும்" என்று எச்சரித்துவிட்டு, சிவராஜ் மறுபடி வண்டியைக் கிளப்பினார்.

அந்த இரைச்சலுக்குள் குழாய் நுனியை நான் பிடித்துக்கொண்டு நகர்த்தினேன். இஞ்சினின் மேல்பக்கம்: கை விரிந்தது. பக்கவாட்டில்: விரிந்தது. இன்னும் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்துக்குக் கொண்டுபோனேன். அவர் கண்களை மூடிக்கொண்டார். கை பாதி மூடியது. கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினேன்.

கை முழுவதும் மூடியது.

சிவராஜ் இறங்கி வந்து, அந்த இடத்தில் கையை விட்டுத் தடவினார். ஒரு தடித்த குழாயின் அடிப்பக்கத்தைப் பிடித்து அமுக்கினார். சத்தம் சட்டென்று இறங்கியது. விட்டார், ஏறியது. மறுபடி அமுக்கினார், இறங்கியது.

வண்டியை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில், இஞ்சினுக்குப் பின்னால் எலி கூடு கட்டியிருந்தது. காய்ந்த புல், என் பழைய சேலைத் துண்டு, பேப்பர். போகிற போக்கில் குழாயின் அடியைக் கடித்துத் தின்றிருந்தது.

சிவராஜ் அந்தக் குழாய் எங்கே போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போனார். போய் முடிந்த இடத்தில் அவர் விரல் நின்றுவிட்டது.

"இது பிரேக்குக்குப் போற ஓஸுங்கக்கா. இதுல ஓட்டைன்னா பிரேக் கல்லு மாதிரி ஆயிரும், மிதிச்சாலும் சரியாப் புடிக்காது. வண்டியும் தள்ளிக்கிட்டே போகும். நான் இதுல எங்கப்பாவ வெச்சுக்கிட்டு மலை எறங்கியிருப்பேன்."

என் கணவர் நாற்காலியில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நெற்றி வேர்த்திருந்தது.

"இப்போதைக்கு டேப் சுத்தினாப் போதுங்களாண்ணே?" என்றார் சிவராஜ்.

கை அகல விரிந்தது.

கரி

புதுக் குழாய் வாங்க சிவராஜ் தன் பைக்கில் கோத்தகிரிக்குக் கிளம்பினார். அறுத்தெடுத்த பழைய குழாயை அளவுக்காகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நாங்கள் இரண்டு பேரும் வாசலில் இருந்தோம். இளவெயில் வந்திருந்தது. உள்ளே போகலாமா என்று கேட்டேன். கை விரிந்தது. டீ வேண்டுமா? மூடியது. சர்க்கரை கூடப் போடட்டுமா? மூடியது. மாதக்கணக்கில் அவருக்கு என் இஷ்டப்படி சர்க்கரை குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒரு கரண்டி கூடப் போட்டேன்.

டீ குடித்ததும் மறுபடி இஞ்சினைக் காட்டினார். முன்னாலிருக்கும் காற்றுக் குழாயைக் கழற்றச் சொன்னார். சொன்னார் என்றால் விரலால். ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் பெரியது, மாற்று என்றார் கண்ணால். கழற்றினேன். உள்ளே வட்டமான ஒரு தகடு. காற்றை அளந்து விடுகிற கதவு அதுதானாம். அதன் ஓரமெல்லாம் கரி பிடித்துக் கறுத்திருந்தது. அதுவும் சரியாக மூடாமல் இருந்திருக்கிறது.

புண் துடைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. துணியில் கொஞ்சம் பெட்ரோல் நனைத்து, ஓரத்திலிருந்து மெல்லத் துடைத்தேன். வேகமாகத் துடைத்தால் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவார். விட்டதும் தொடர்வேன். துணி கறுக்கக் கறுக்கத் தகடு வெளுத்தது. எங்கள் இருவர் தலையும் பானெட்டுக்கு அடியில் பக்கம் பக்கமாக இருந்தன. கல்யாணமான நாளிலிருந்து அவருடைய வேலையில் நான் கை வைத்ததே இல்லை.

கடைசியில் பேட்டரியின் ஒரு பக்க ஒயரைக் கழற்றிவிடச் சொன்னார். எதற்கென்று கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"போதும்" என்று வந்தது.

அவருக்கே அது கேட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார். "சரிங்க, கழட்டி வெச்சுடறேன்" என்று மட்டும் சொன்னேன்.

சாவி

சிவராஜ் புதுக் குழாயோடு திரும்பி வந்தார். மாட்டி, கிளிப்பை முறுக்கினார். என் கணவர் அதை இழுத்துப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு சுற்று முறுக்க வைத்தார். பேட்டரி ஒயரையும் சேர்த்தாயிற்று. ஏன் கழற்ற வேண்டும் என்பதைச் சிவராஜ்தான் சொன்னார்: ஓட்டையோடு ஓடிப் பழகிய கணக்கை வண்டியின் கம்ப்யூட்டர் மறக்க வேண்டுமாம்.

வண்டி கிளம்பியது. முதலில் கொஞ்சம் ஏறி இறங்கித் தடுமாறியது. பிறகு மெல்ல மெல்லத் தணிந்து, ஓர் இடத்தில் நின்றது. அடுப்படியில் நான் வைத்துவிட்டு வந்த குக்கர் விசில் அடிப்பது கேட்டது. கீழ் ரோட்டில் தேயிலை ஏற்றிய லாரி போவதும் கேட்டது.

சிவராஜ் பிரேக்கை அழுத்தி அழுத்திப் பார்த்தார். "மெத்துன்னு எறங்கிப் புடிக்குதுண்ணே" என்றார்.

என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். நான் தாங்கிக்கொண்டேன். கதவுக்குள் கையை நீட்டி, வண்டியை அணைத்து, சாவியை உருவிக் கையில் பொத்திக்கொண்டார்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். "சிவராஜ், மன்னிச்சுக்கங்க. இது அவரோட வண்டிங்க. இனி விக்கறதா இல்லை" என்றேன்.

சிவராஜ் தலையை ஆட்டினார். "பரவால்லைங்கக்கா. நானா இருந்தாலும் குடுக்க மாட்டேன்."

அவர் பைக்கை நோக்கித் திரும்பினார். என் கணவர் என் தோளை உதறிவிட்டு ஓர் அடி எடுத்து வைத்தார். சிவராஜின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அவருடைய உள்ளங்கையை விரித்து, அதில் சாவியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

வண்டியைக் கொடுப்பதில் அவருக்கு என்றைக்கும் தடை இருக்கவில்லை. அன்று நான் கேட்டபோது சொன்ன "போதும்" சம்மதம்தான். கோளாறுள்ள வண்டியை ஒரு நோயாளி மனிதரின் மகனிடம் கொடுத்தனுப்பத்தான் அவரால் முடியவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

சிவராஜ் அழுதுவிட்டார். குனிந்து அவருடைய காலைத் தொட்டார். பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு ரோட்டில் ஏறினார். பைக்கை மறுநாள் பேசிய பணத்தோடு வந்து எடுத்துக்கொண்டார். வளைவுக்கு அப்பால் சத்தம் மறையும்வரை என் கணவர் அசையாமல் நின்றார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கப் போன என் கையை விலக்கவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு நேராகக் கேட்டேன். "ஏனுங்க, கோயமுத்தூருக்கே போய்ரலாமுங்களா? ஊட்டைக் காலி பண்ணீட்டு?"

கை விரிந்தது.

"வைத்தியத்துக்கு மட்டும் கொஞ்ச நாள் போய்ட்டு வந்துரலாமுங்களா?"

வெகுநேரம் கை மடியிலேயே கிடந்தது. பிறகு மூடியது.

பேச்சுப் பயிற்சி

கவிதாவிடம் போனில் சொன்னபோது முதலில் சண்டை போட்டாள். பிறகு போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, அவளே ஒவ்வொன்றாகக் கேட்டாள். கை மூடுவதையும் விரிவதையும் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பாவிடம் அவள் அப்படி அரைமணி நேரம் பேசியது, அவர் நன்றாக இருந்த காலத்தில்கூட நடந்ததில்லை.

கோயமுத்தூரில் சில மாதம் இருந்தோம். கால் தேறியது. கை அவ்வளவாகத் தேறவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் சின்ன வயதுப் பெண். படங்களைக் காட்டுவார்: பூ, மீன், வீடு. எல்லாவற்றுக்கும் அந்தப் பழைய சொல்தான். அந்தப் பெண் சலிக்கவே இல்லை. நான்தான் வாரா வாரம் சலித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஒரு நாள் அந்தப் பெண் ஊரில் இல்லை. வேறொரு பயிற்சியாளர் இருந்தார். புதிதாக ஆரம்பிக்கிறவர்போல எல்லாவற்றையும் என்னிடம் விசாரித்தார். எப்போது நோய் வந்தது, எந்தப் பக்கம், சர்க்கரை உண்டா. நான் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். என் கணவர் பக்கத்தில் எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அவர் என்ன வேலை செஞ்சுட்டு இருந்தாருங்கம்மா?"

"டூரிஸ்ட் கார் டிரைவரா இருந்தாருங்க" என்றேன்.

மேஜையில் ஓர் அடி விழுந்தது. இருவரும் திடுக்கிட்டோம். என் கணவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகத்தான். 'இருந்தாருங்க' என்று நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, உதடு கோணியது, நாக்கு எதையோ தேடியது. அந்தப் பயிற்சியாளர் உதவ வாயெடுத்தார். வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன்.

"டி…" என்றார். நிறுத்தினார். மூச்சு வாங்கினார்.

நாங்கள் காத்திருந்தோம்.

"டிரைவர்" என்றார், தன் நெஞ்சைத் தொட்டு.